ஒரே கல்லில் இருவர்

பாரிஸில் மோன்பர்னாஸ் இடுகாட்டில் ஒரு சமாதியின் மேல் நிற்கிறது பிரான்குஸியின் 'முத்தம்'. ருமேனியாவில் பிறந்த அந்தச் சிற்பி 1909-ல் செதுக்கியது. ஆணும் பெண்ணும் கட்டிக்கொண்டு ஒரு கல்லாகவே நிற்கிறார்கள்.

படத்தைப் பார்த்த நண்பர் ஒருவர், "குழந்தை செய்தது மாதிரி இருக்கிறதே!" என்றார். நியாயமான பேச்சுதான். முகம் தட்டை, விரல்கள் வெறும் கோடுகள்.

ஆனால், தெரியாமல் செய்தது அல்ல அது. 1907-ல் பிரான்குஸி மகா சிற்பி ரோடினின் பட்டறையில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு விலகியவர். ரோடினும் 'முத்தம்' என்று ஒரு சலவைக்கல் சிலை செய்திருக்கிறார். தசையும் முதுகுத் தண்டும் உயிரோடு இருப்பதுபோலத் தெரியும். ஆனால் ரோடின் களிமண்ணில் பிடித்துக் கொடுக்க, அதைப் பார்த்து உதவியாளர்கள் கல்லில் கொத்துவார்கள். கல்லை யாரும் கலந்துகொள்வதில்லை. பிரான்குஸி தாமே உளியை எடுத்து நேரே கல்லில் இறங்கினார். கல்லின் சதுரம் கடைசிவரை சதுரமாகவே இருக்கிறது. இருவரின் கண்களும் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரே கண்ணாகத் தெரிகின்றன. நடுவே ஒரு கோடு. அந்தக் கோடு இல்லாவிட்டால் அது வெறும் கல். இன்னும் ஆழமாக வெட்டியிருந்தால் இரண்டு பேர். இந்தக் கணக்குத்தான் எனக்குப் பிரமிப்பைத் தருகிறது.

1910-ல், காதலில் மனம் உடைந்து, 23 வயதில் தன் உயிரைப் போக்கிக்கொண்ட ஒரு ரஷ்யப் பெண்ணின் சமாதி அது. மறு வருஷம் சிலையை அங்கே வைத்தார்கள். ரோடினின் ஜோடியை அந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். துக்கம் விசாரிக்க வந்தவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர்கள் தாந்தேயின் காவியத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குச் சொந்தக் கதை உண்டு. பிரான்குஸியின் ஜோடிக்கு முகமும் இல்லை, கதையும் இல்லை. அதனால்தான் அந்தப் பெண்ணுக்கு அது சொந்தமாக முடிந்தது.

பின்னால் சிலைக்கு விலை ஏறிற்று. சந்ததியார் பெயர்த்தெடுத்துக்கொண்டு போக விரும்பினார்கள். 2010-ல் அரசாங்கம் சமாதியோடு சேர்த்து அதைச் சரித்திரச் சின்னமாகப் பதிவு செய்தது. வழக்கு நடந்தது, இடையில் சிலையை மரப்பெட்டி போட்டு மூடியும் வைத்தார்கள். சிலையும் சமாதியும் பிரிக்க முடியாத ஒன்று என்று 2021-ல் பிரான்ஸின் உச்ச நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் பேசியது சட்டம். ஆனாலும் நல்ல விமரிசனம்.

கலைக்கூடத்தில் வைத்தால் பலர் பார்ப்பார்களே என்று கேட்கலாம். 1907-08-ல் செய்த முதல் 'முத்தம்' ருமேனியாவில் கிரயோவா கலைக்கூடத்தில் இருக்கிறது. அது இடுப்போடு நின்றுவிடுகிறது. இடுகாட்டில் நிற்பவர்களுக்குத்தான் கால்கள் உண்டு.