ஸனதும் மத்னும்: ஊவாவின் எழுத்தாளரிடம் எதைக் கேட்பது?

எழுத்தாளர் நேர்காணல் என்றால் நமது சஞ்சிகைகளில் அதற்கொரு வழமையான ஒழுங்கு உண்டு. எங்கே பிறந்தீர்கள், முதல் கதை எதில் வந்தது, யார் ஊக்கம் தந்தார்கள், என்னென்ன பரிசு கிடைத்தது. கடைசியில், “இளம் எழுத்தாளர்களுக்கு நீங்க என்ன சொல்ல விரும்புறீங்க?” இதோடு பேட்டி முடிந்துவிடும். எழுதியவரைப் பற்றி நாலு விஷயம் தெரிந்திருக்கும். அவர் எழுதிய நூலின் ஒரு பக்கம்கூடத் திறக்கப்பட்டிருக்காது.

ஹதீஸ் கலையோடு பழக்கமுள்ள நமக்கு இந்தக் குறை சட்டென்று பிடிபட வேண்டும். ஓர் அறிவிப்பைக் கையிலெடுக்கும் முஹத்திஸ் முதலில் அறிவிப்பாளர் யாரென்று பார்ப்பார். எங்கே வாழ்ந்தார், யாரைச் சந்தித்தார், நினைவாற்றல் எப்படி என்பதையெல்லாம் ஆராய ‘அஸ்மாஉர் ரிஜால்’ என்ற தனிக் கலையே வளர்ந்தது. இப்னு ஹஜர் அல் அஸ்கலானி போன்றோர் அதற்காகப் பல பாகங்கள் எழுதினார்கள். ஆனால் அந்த இமாம்கள் ஸனதோடு நின்றுவிடவில்லை; மத்னையும், அதாவது சொல்லப்பட்ட செய்தியையும், தனியே சோதித்தார்கள். ஹதீஸின் அந்தஸ்தை இலக்கியத்துக்குக் கொடுப்பது என் நோக்கமல்ல. அந்த ஆய்வொழுங்கை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன். நமது பேட்டிகள் ஸனதை விசாரிக்கின்றன, மத்னை விட்டுவிடுகின்றன.

தெளிவத்தை ஜோசப்பை வைத்து இதைப் பார்க்கலாம். 1934இல் ஹாலிஎலப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். தகப்பனார் தோட்டப் பாடசாலை ஆசிரியர். கும்பகோணத்தில் கொஞ்சக் காலம் படித்துவிட்டுத் திரும்பி வந்தார். பதுளைப் பக்கத்துத் தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக வேலை பார்த்து, அந்தத் தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். ‘காலங்கள் சாவதில்லை’ நாவலும், 1979இல் வந்த ‘நாமிருக்கும் நாடே’ சிறுகதைத் தொகுதியும் அவரை நிலைநிறுத்தின. 2013இல் கோயம்புத்தூரில் விஷ்ணுபுரம் விருது பெற்றார். 2022 ஒக்டோபரில் காலமானார்.

இந்த விபரங்களைப் படிப்பவர் “ஆ, தோட்டத்திலேயே பிறந்தவர், அதனால்தான் இவ்வளவு உண்மையா எழுதுறார்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அது அவசர முடிவு. ஆசிரியரின் மகன் தோட்டத்துக்குள்ளேயே வளர்வான். ஆனால் கூடை சுமந்து மலையேறும் வீட்டுப் பிள்ளையல்ல. தொழிலாளி அவன் வீட்டை மரியாதையோடு ஓரடி தள்ளியே வைப்பார். துரையும் பெரிய கணக்குப்பிள்ளையும் அவனைத் தங்கள் ஆளாக எண்ண மாட்டார்கள். லயத்தின் சத்தம் காதில் விழும் தூரம்தான், ஆனாலும் லயத்துக்கு வெளியே. ஜோசப்பின் கதைகளுக்குப் பார்வை கிடைத்தது இந்த அரைத் தூரத்திலிருந்துதான் என்பது என் வாசிப்பு. ‘மீன்கள்’ கதையை எடுங்கள். ஒற்றைக் காம்பறாவில் ஒரு குடும்பம் முழுவதும் முடங்கிக் கிடக்க வேண்டிய அவலம் அது. அந்த அறைக்குள்ளேயே கிடப்பவருக்கு அது அன்றாடம். முற்றிலும் வெளியே நிற்பவருக்கு வெறும் அருவருப்பு. கிட்ட இருந்தும் சற்று விலகி நின்றவரால்தான் அந்த மனிதர்களின் மானத்தைக் காப்பாற்றியபடி அந்த அவமானத்தைச் சொல்ல முடிந்தது.

‘நாமிருக்கும் நாடே’ என்ற தலைப்பையும் இப்படித்தான் படிக்க வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 150,000 பேரின் கதி பிறகு பார்க்கலாம் என்று விடப்பட்டது. இந்தக் கணக்கைப் பின்னால் வைத்துப் பார்த்தால் அந்தத் தலைப்பு பெருமையாகவும் ஒலிக்கிறது, கேள்வியாகவும் ஒலிக்கிறது. எது கூடுதல் என்பதுதான் ஆசிரியரிடம் கேட்க வேண்டியது. எத்தனையாவது வயதில் எழுதினார் என்பது அதற்குப் பிறகு வரலாம்.

பேட்டியே சாத்தியமில்லாத இடத்திலும் நல்ல விமர்சனம் நடக்கும் என்பதற்கும் பதுளையிலேயே உதாரணம் இருக்கிறது. பதுளையைச் சேர்ந்த மு. நித்தியானந்தன் ‘கூலித் தமிழ்’ நூலில், 1869இல் ஆபிரகாம் ஜோசப் எழுதிய ‘கோப்பி கிருஷிக் கும்மி’யை ஆராய்கிறார். அதன் ஆசிரியரை இனி யாராலும் சந்திக்க முடியாது. அவர் யாருடைய பக்கம் நின்று பாடினார் என்பதற்குக் கும்மியே சாட்சி சொல்கிறது: தோட்டத் துரையின் பக்கம். மத்னைப் படித்தே ஸனதைக் கண்டுபிடித்த வேலை அது. ‘நாமிருக்கும் நாடே’யை வைகறை வெளியீடாகக் கொண்டு வந்தவரும் இதே நித்தியானந்தன்தான்.

இனி நம் பக்கம் வருவோம். பதுளை, பசறை, லுணுகலை, வெலிமடை, பண்டாரவளை என்று எந்தக் கடைத்தெருவிலும் முஸ்லிம் கடைகள் உண்டு. ஊவாவில் நமது இருப்பு தேயிலைக்கு மட்டுமல்ல, கோப்பிக்கும் முந்தியது. தவளம் மாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றி மலைக்கு வந்தவர்கள் நம்மவர்கள். வெல்லஸ்ஸையில் ஹஜ்ஜி மரிக்காரை ஆங்கிலேயர் முஹந்திரமாக நியமித்தது 1817 - 18 கிளர்ச்சி மூள ஒரு காரணமாயிற்று. இத்தனை நீண்ட உறவு இருந்தும், மலையகக் கதைகளில் முஸ்லிம் பெரும்பாலும் கடைக்காரராகத்தான் வருவார். கடன் கொப்பியோடு வருவார், சம்பள நாளில் வருவார், போய்விடுவார். அவர் வீட்டுக்குள் கதை போவது அபூர்வம்.

இதற்காக மலையக எழுத்தாளர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. கடைக்காரரும் ஆசிரியர் மகனைப் போல அரைத் தூரத்தில் நின்றவர்தான். எந்த லயத்தில் அடுப்பு எரியவில்லை, எந்த வீட்டில் கல்யாணம், யார் இந்தியாவுக்குப் பாஸ்போட் எடுத்தார் என்பதெல்லாம் அந்தக் கொப்பிக்குத் தெரியும். 1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்தபோது எந்தக் கதவு திறந்தது, எது பூட்டிக்கொண்டது என்பதும் தெரியும். அப்படிப்பட்ட பார்வையிலிருந்து ஜோசப்பின் எழுத்து பிறந்தது. நம்மவர் பார்வையிலிருந்து ஏன் அந்த அளவுக்கு ஒன்றும் பிறக்கவில்லை என்பது நாம் நம்மையே கேட்க வேண்டியது.

மர்ஹூம் பீ.எம். புன்னியாமீன் இலங்கை எழுத்தாளர், ஊடகவியலாளர், கலைஞர் விபரங்களைப் பல தொகுதிகளாகத் திரட்டிவிட்டுப் போனார். தனி மனிதர் செய்த பெரிய காரியம் அது. நமது ரிஜால் நூல் என்றே அதைச் சொல்லலாம். அதற்கு அடுத்த படியை எடுக்க வேண்டியது நாம். ஊவாவில் எழுதிக்கொண்டிருக்கும் நம்மவரிடம் போகும்போது அவர் நூலை இரண்டு தடவை படித்துவிட்டுப் போவோம். எழுதாத முதியவர்களிடமும் போவோம். “நானா, அந்தக் கொப்பில யார் யார் பேர் இருந்திச்சு? வாங்கின கடனை விட்டுட்டுக் கப்பலேறினவங்கள நீங்க எப்படி நினைக்கிறீங்க? எரிஞ்ச அன்டைக்கு ராத்திரி உங்க கடைக்குள்ள யார் இருந்தாங்க?” என்று கேட்போம். ஜோசப்பிடம் கேட்க இனி வழியில்லை. இவர்களிடம் கேட்க இன்னும் சில வருஷங்கள் இருக்கின்றன, அல்லாஹ் நாடினால்.