இரத்தத் துளி இதயத்தின் சோதிடம் சொல்லுமா?

காங்கேயம், பல்லடம், கோவை என்று நம் பக்கத்துக் கடைவீதிகளில் மருத்துவ ஆய்வுக்கூடங்களின் அறிவிப்புப் பலகைகள் பெருகி வருவதைக் காண்கிறோம். சர்க்கரை, கொலஸ்ட்ரால் என்று தொடங்கி, சி.ஆர்.பி., ஹோமோசிஸ்டீன் என்று பட்டியல் நீள்கிறது. சில துளி இரத்தம் கொடுத்தால் இதயத்தின் எதிர்காலத்தையே அறிந்துகொள்ளலாம் என்ற தொனி அவற்றில் தெரிகிறது.

வேகமாக நடந்தால் நெஞ்சு இறுகும். சற்று நின்றால் விட்டுவிடும். 'ஆஞ்சைனா' எனப்படும் இவ்வலி உடையவருக்கு, மாரடைப்பு வருமா வராதா என்பது உயிர்க் கேள்வி. பட்டியலில் உள்ள அத்தனைக்கும் பணம் கட்ட அவர் தயங்க மாட்டார். ஆகவே, இந்த வாக்குறுதியை உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பது அவசியமாகிறது.

குறிகாட்டிகள்

உடலில் நடக்கும் மாற்றத்தைத் தன் அளவால் காட்டிக்கொடுக்கும் பொருளைக் குறிகாட்டி எனலாம். உடலில் எங்கேனும் அழற்சி இருந்தால் கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. இதயத் தசை சேதமுற்றால் ட்ரோப்போனின் இரத்தத்தில் கசிகிறது. இதய அறையின் சுவர் இழுபட்டு விரியும்போது பி.என்.பி. வகைப் பொருள்கள் பெருகுகின்றன. இதில் ஐயமில்லை. ஐயம், இவற்றை வைத்து ஒருவரது நாளையைச் சொல்ல முடியுமா என்பதில்தான்.

சராசரி வேறு, ஆள் வேறு

இரண்டு தென்னந்தோப்புகளை எண்ணிப் பாருங்கள். மேற்குத் தோப்புக் காய்களின் சராசரி எடை, கிழக்குத் தோப்புக் காய்களின் சராசரியைவிடச் சற்று அதிகம். ஆயினும் இரண்டிலும் பெரிய காயும் உண்டு. சிறிய காயும் உண்டு. களத்தில் கலந்து கிடக்கும் குவியலிலிருந்து ஒரு காயை எடுத்து, எடையை மட்டும் பார்த்து, அது எந்தத் தோப்புக் காய் என்று சொல்ல முடியுமா? பெரும்பாலும் முடியாது.

மாரடைப்புக்கு ஆளானவர்களின் சராசரி சி.ஆர்.பி. அளவு மற்றவர்களைவிட அதிகம் என்று ஓர் ஆய்வு சொன்னால், அது தோப்பைப் பற்றிய செய்தி. ஆய்வுக்கூடத்தில் கை நீட்டி அமர்ந்திருப்பவரோ ஒற்றைக் காய். இந்த வேறுபாட்டை விளம்பரங்கள் சொல்வதில்லை.

அளந்து பார்த்தபோது

அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஆய்வுக் குழு, 3209 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டது. இவர்கள் பொதுமக்கள், நெஞ்சுவலிக்காரர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். பின்னாளில் இதயநோய்க்கு ஆளானவர் ஒருவர், ஆளாகாதவர் ஒருவர் என்று இணை இணையாக எடுத்துக்கொள்வோம். இருவரில் யாருக்கு ஆபத்து மிகுதி என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். காசைச் சுண்டிவிட்டாலே 100 இணைகளில் 50 சரியாக வரும். வயது, பால், புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சர்க்கரை போன்ற பழைய விவரங்களைக் கொண்டு கணித்தபோது 76 சரியாக வந்தது. அவற்றோடு பத்துக் குறிகாட்டிகளைச் சேர்த்த பின் வந்தது 77. பத்துச் சோதனைகளின் ஊதியம், நூற்றுக்கு ஒன்று!

நெஞ்சுவலிக்காரர்களுக்கு வருவோம். நிலையான இதயத் தமனி நோய் உடையவர்களிடம் சி.ஆர்.பி. பற்றிச் செய்யப்பட்ட 83 ஆய்வுகளை லண்டன் ஆய்வாளர்கள் திரட்டிச் சலித்து, 2010-இல் வெளியிட்டனர். மேலோட்டமாகப் பார்த்தால், சி.ஆர்.பி. மிகுந்தவருக்கு ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. மற்ற ஆபத்துக் காரணிகளின் பங்கைக் கழித்து, சாதகமான முடிவுகளே அச்சேறும் பாரபட்சத்தையும் திருத்தியபோது, அது 1.2 மடங்காகச் சுருங்கிவிட்டது. இயற்பியல் கூடத்தில், எதிர்பார்த்த விடை வந்த அளவீடுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதும் மாணவனுக்கு மதிப்பெண் கொடுப்போமா?

முள்ளைத் திருப்பினால் புயல் நிற்குமா?

புயலுக்கு முன் காற்றழுத்தமானியின் முள் இறங்குகிறது. முள்ளைக் கையால் திருப்பி வைத்தால் புயல் நின்றுவிடாது. சி.ஆர்.பி. அத்தகைய முள்ளே என்று மரபணு ஆய்வு காட்டியது. பிறவியிலேயே சி.ஆர்.பி.யைச் சற்று உயர்த்தும் மரபணு வேறுபாடுகள் சிலரிடம் உண்டு. ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேரின் விவரங்களை ஆராய்ந்து 2011-இல் வெளியான முடிவின்படி, அவ்வேறுபாடுகள் இதயநோயை மிகுவிக்கவில்லை. எல்.டி.எல். கொலஸ்ட்ராலின் கதை வேறு. அதை மிகுவிக்கும் மரபணு இதயநோயையும் மிகுவிக்கிறது. அதைக் குறைத்தால் நோயும் குறைகிறது.

மறுபக்கம்

எல்லாக் குறிகாட்டிகளையும் ஒதுக்குவது நேர்மையாகாது. நெஞ்சுவலி திடீரென வந்தவருக்கு, அது மாரடைப்பா என்று கண்டறிய ட்ரோப்போனின் இன்றியமையாதது. நிலையான இதயநோய் உடையோருக்கென 2017-இல் வெளியான ஒரு கணிப்பு முறையில், ட்ரோப்போனினும் பி.என்.பி. வகைப் பொருளும் உண்மையிலேயே பயன் தந்தன. ஆயினும் அதே கணிப்பில் வயது, புகைப்பழக்கம், சர்க்கரைநோய், எல்.டி.எல். ஆகிய பழைய நண்பர்களும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். லைப்போபுரோட்டீன்-ஏ அளவு பெரும்பாலும் பரம்பரையாக அமைவது. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலோர்க்குப் போதும். ஆண்டுதோறும் தொகுப்பில் வைத்து விற்கத் தேவையில்லை.

கையிலிருக்கும் விளக்கு

கணிப்புச் சரியாகவே இருந்தாலும், அதனால் சிகிச்சை மாறினால்தான் பயன். ஆஞ்சைனா உறுதியானவருக்குக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, அழுத்தக் கட்டுப்பாடு, சர்க்கரைக் கட்டுப்பாடு, புகையிலை விலக்கு ஆகியவை சி.ஆர்.பி. எவ்வளவாயினும் தேவையே.

இவற்றில் நாம் எப்படி இருக்கிறோம்? தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம். அவர்களுள் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காடு மட்டுமே. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டதன் நியாயம் இந்த எண்ணிலேயே இருக்கிறது. கைப்பட்டையைச் சுற்றி இரண்டு நிமிடத்தில் அளக்கக்கூடிய ஒன்றைக் கவனியாமல், அரிய புரதங்களைத் தேடி அலைவது, எரியும் விளக்கைக் கூடைக்குள் கவிழ்த்துவிட்டு மின்மினியைத் துரத்துவதற்கு ஒப்பாகும்.

ஆகவே வாசகர்களே, நீண்ட பட்டியலை யாரேனும் நீட்டினால் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஏற்கெனவே தெரிந்ததற்கு மேல் இச்சோதனை என்ன சொல்லும்? முடிவு எதுவாயினும் என் சிகிச்சை மாறுமா? மாறாதெனில் இச்செலவு எதற்கு? உங்கள் மருத்துவரிடமே இதைக் கேட்கலாம். நல்ல மருத்துவர் மகிழ்ந்து விடையளிப்பார். ஓய்விலும் விடாத நெஞ்சுவலி வந்தாலோ கேள்வி ஏதும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.