சந்திக்காத வீரரும் சந்தித்த வீரரும்

வெவ்வேறு காலத்து வீரர் இருவரை மனத்தளவில் மோதவிட்டு, வெல்பவர் யார் என்று வழக்காடுவது குத்துச்சண்டை இரசிகர்களின் பழைய பொழுதுபோக்கு. மேடையில் நிற்பவர் இருவரே என்பதால் இங்கே கற்பனை செய்வதும் எளிது. பிடிவாதம் கொள்வதும் எளிது. இக்கற்பனை ஒருமுறை திரைப்படமாகவே எடுக்கப்பட்டது. அதனை ஊன்றி நோக்கினால், இவ்வழக்கின் இனிமையோடு, அதனுள் மறைந்திருக்கும் அநீதியும் புலனாகும்.

1967-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மயாமி நகரைச் சேர்ந்த மர்ரி வோரோனர் என்பவர், எக்காலத்துக்கும் உரிய ஹெவிவெயிட் வாகையர் யார் என்று தேரும் கற்பனைப் போட்டித் தொடர் ஒன்றை வானொலியில் நடத்தினார். வல்லுநர்கள் இட்ட மதிப்பெண்கள் கணிப்பொறிக்கு ஊட்டப்பட்டன. அது தந்த முடிவு நேர்முக வருணனையாக ஒலிபரப்பாயிற்று. இறுதியில் ராக்கி மார்சியானோ வென்றார். முகமது அலியோ, 1905-இல் ஓய்வு பெற்ற ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். தம் பெயருக்குக் களங்கம் நேர்ந்ததென அலி பத்து இலட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். மார்சியானோவுடன் அவரே நடிக்கும் படம் ஒன்றை எடுப்பது என்ற உடன்பாட்டில் அவ்வழக்கு முடிந்தது.

1969-இல் படம் எடுக்கப்பட்டபோது அலிக்கு வயது 27. வியட்நாம் போருக்கான கட்டாய இராணுவச் சேவையை மறுத்ததால், 1967 முதல் அவருக்கு மேடையேறும் உரிமை மறுக்கப்பட்டிருந்தது. 49 போட்டிகளில் ஒன்றிலும் தோற்காமல் 1956-இல் ஓய்வு பெற்ற மார்சியானோவுக்கு வயது 45. இப்படத்திற்கென அவர் ஏறத்தாழ 50 பவுண்டு எடை குறைத்தார், பொய்முடியும் அணிந்தார். இருவரும் ஒரு நிமிடச் சுற்றுகளாக எழுபது வரை நடித்தனர். பல முடிவுகள் படமாக்கப்பட்டன. எது திரையில் வரும் என்பது இருவருக்கும் தெரியாது. சில வாரங்களில், 1969 ஆகஸ்டு 31 அன்று, மார்சியானோ விமான விபத்தில் மாண்டார்.

1970 ஜனவரி 20 அன்று படம் ஏறத்தாழ 1,500 திரையரங்குகளில் காட்டப்பட்டது. அமெரிக்காவில் மார்சியானோ 13-ஆம் சுற்றில் அலியை வீழ்த்தினார். ஐரோப்பாவில் காட்டிய பதிப்பிலோ, மார்சியானோவின் முகக்காயங்களால் அலி வென்றார். ஒரே கணிப்பொறி, ஒரே இருவர், இரு வேறு தீர்ப்புகள்! காண்பவர் விரும்பியதையே கணிப்பொறி தந்தது என்று கருதாமல் இருக்க இயலவில்லை. போருக்கு மறுத்த கறுப்பின இளைஞரை அன்றைய அமெரிக்கர் பலர் வெறுத்தனர். உண்மை மேடையில் வாதாட வழியற்றிருந்த ஒருவரை, பொய் மேடையில் தோற்கடித்துக் காட்டியதே இப்படத்தின் பெருங்குறை. 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்மீதான தண்டனையை நீக்கியது. இழந்த ஆண்டுகளை எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தரவில்லை.

ஆயினும், படத்தில் பயன் ஏதும் இல்லை என்று சொல்ல மாட்டோம். அலியின் கைநீட்டம் 78 அங்குலம். மார்சியானோவினுடையது 68 அங்குலத்தைத் தாண்டாதது. உயர்ந்தவர் விலகி விலகிக் குத்துவதையும், குள்ளமானவர் குனிந்து உள்ளே நுழைய முயல்வதையும் காணும்போது, இரு கலைகளின் இயல்பு விளங்குகிறது. வழக்காடுவதன் நன்மையும் இதுவே: ஒப்பிடுகிறவன் கூர்ந்து பார்க்கக் கற்கிறான். தீர்ப்பு எழுதத் துணியும்போதுதான் தவறு நேர்கிறது. 1889-இல் ஜான் எல். சல்லிவன் கையுறையின்றி 75 சுற்றுகள் நின்றார். அலியின் காலத்தில் பட்டப் போட்டிக்கு 15 சுற்று. பின்னர் அது 12 ஆயிற்று. அளவுகோலே மாறிய பின்பு, அளந்து பெற்ற எண்ணுக்கு என்ன பொருள்?

மேலும், வெவ்வேறு காலத்தவர் மெய்யாகவே மோதியதும் உண்டு. 1951 அக்டோபர் 26 அன்று, ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் பட்டம் தாங்கிய ஜோ லூயியை, வரிக்கடன் தீர்க்க மீண்டும் மேடையேறிய 37 வயது மனிதரை, இதே மார்சியானோ எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். லூயி அவர் இளமையில் போற்றிய வீரர். வென்றபின் மார்சியானோ அழுதார் என்பர். 1980 அக்டோபர் 2 அன்று, தம்மிடம் பயிற்சித் துணைவராக இருந்த லாரி ஹோம்ஸுக்கு எதிரே 38 வயது அலி நின்றார். பத்துச் சுற்றுகளுக்குப்பின் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ போட்டியை நிறுத்தச் செய்தார். அன்றும் கண்ணீர் விட்டவர் வென்றவரே.

நம் கற்பனைப் போட்டிகளில் எவரும் முதுமை அடைவதில்லை, எவருக்கும் கடன் இல்லை, எவரும் அழுவதில்லை. அதனால்தான் அவை இனிக்கின்றன. மெய்யான சந்திப்புகளோ, வீரன் என்பவன் மதிப்பெண்களின் தொகுப்பு அல்லன், காலத்துக்குக் கட்டுப்பட்ட உடலோடு வாழும் மனிதன் என்பதை உணர்த்தின. அதை முதலில் உணர்ந்தவர்கள் வென்றவர்களே.

ஆகவே, யார் யாரை வென்றிருப்பார் என்ற வினாவை நாம் விலக்க வேண்டியதில்லை. அதனோடு வேறொரு வினாவையும் சேர்த்துக்கொள்வோம். தம் காலம் தமக்கு எதிரே நிறுத்தியவற்றை இவர் எவ்வாறு எதிர்கொண்டார்? அலிக்கு எதிரே நின்றது ஓர் அரசு. லூயிக்கு எதிரே நின்றது கடனும் வயதும். இவ்வினாவுக்கு விடை காணக் கணிப்பொறி தேவையில்லை. மனிதரை மனிதராகப் பார்க்கும் கண் போதும்.