காருக்கு எர்த் கம்பி: கொடுத்த காசுக்குப் பயன் உண்டா?

கார் உதிரிப் பொருள் விற்கும் கடைகளில் ‘எர்த்திங் கிட்’ என்ற பெயரில் ஒரு பொட்டலத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும் உறையிட்ட தடித்த செப்புக் கம்பிகள் நான்கைந்து அதில் இருக்கும். ஜப்பானிலும் மலேசியாவிலும் முன்னரே பரவிய பொருள் இது. பேட்டரியின் எதிர்முனையிலிருந்து எஞ்சினுக்கும் காரின் உடலுக்கும் இக்கம்பிகளைப் பூட்டினால் விளக்கு பிரகாசமாகும், எஞ்சினின் இழுவை கூடும், பெட்ரோல் மிச்சமாகும், வானொலியின் இரைச்சல் நீங்கும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். இவற்றில் எது உண்மை, எது மிகை? இதைக் கண்டறியப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. பள்ளியில் நாம் படித்த ஓம் விதியே பெரும்பாலும் போதும்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். வீட்டில் ‘எர்த்’ என்பது மண்ணில் புதைத்த குழாய்க்குச் செல்லும் பாதுகாப்புக் கம்பி. காரோ ரப்பர் சக்கரங்களின் மேல் நிற்கிறது. மண்ணுக்கும் அதன் மின்சுற்றுக்கும் எந்த வேலைத் தொடர்பும் இல்லை. காரில் ‘எர்த்’ என்பது மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பி வரும் வழி. பேட்டரியின் நேர்முனையிலிருந்து கம்பி வழியே விளக்குக்குச் சென்ற மின்னோட்டம், காரின் எஃகு உடலின் வழியே எதிர்முனைக்குத் திரும்புகிறது. இதனால் கம்பிச் செலவு பாதியாகக் குறைகிறது. 1960-கள் வரை பல பிரிட்டிஷ் கார்களில் நேர்முனையையே உடலோடு இணைத்திருந்தார்கள். எந்த முனையை இணைத்தாலும் தத்துவம் ஒன்றுதான்.

இப்போது கேள்வியின் மையத்துக்கு வருவோம். திரும்பும் வழியில் கொஞ்சம் மின்தடை இருக்கும். அதனால் கொஞ்சம் மின்னழுத்தம் வீணாகும். வீணாகும் அளவு, மின்னோட்டத்தையும் தடையையும் பெருக்கினால் வருவது. புதிய கம்பியால் மீட்டுத் தர முடிந்தது இந்த இழப்பை மட்டுமே. இழப்பு சிறிதானால் ஆதாயமும் சிறிதாகவே இருக்கும். இழப்பே இல்லாத இடத்தில் எவ்வளவு தடித்த கம்பியும் எதையும் மீட்க முடியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செப்புக் கம்பி 1 மீட்டர் நீளத்துக்கு 1.7 மில்லி ஓம் தடை தரும். இரண்டு 55 வாட் முகப்பு விளக்குகள் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். அப்படிப்பட்ட ஒரு வழியில் வீணாவது சுமார் 0.015 வோல்ட். எஞ்சின் ஓடும்போது காரில் இருக்கும் மின்னழுத்தம் 13.5 முதல் 14.4 வோல்ட். அதில் இந்த இழப்பு ஆயிரத்தில் ஒரு பங்கு. இழை விளக்கின் ஒளி, மின்னழுத்தத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகமாக மாறும் என்பது உண்மைதான். அப்படியும், இந்த இழப்பு முழுவதையும் மீட்டால் ஒளி அரை சதவீதம்கூட உயராது. அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. உண்மையில் முழுவதையும் மீட்கவும் முடியாது. இருக்கும் தடைக்குப் பக்க இணைப்பாக அதே அளவு தடையைச் சேர்த்தால் மொத்தத் தடை பாதியாகத்தான் குறையும்.

பெட்ரோல் மிச்சமாகுமா? திரும்பும் வழியில் 30 ஆம்பியர் ஓடி 0.1 வோல்ட் வீணாகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். வீணாகும் திறன் 3 வாட். மின்னாக்கியில் ஏற்படும் விரயத்தையும் சேர்த்து எஞ்சினுக்கு 6 வாட் சுமை என்போம். நெடுஞ்சாலையில் சீராக ஓடும் சிறிய கார் ஏறக்குறைய 10,000 வாட் திறனைச் செலவிடுகிறது. ஆக, மிச்சம் 0.06 சதவீதம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார், இனி 15 கிலோமீட்டரும் 9 மீட்டரும் ஓடும்! காரை நிறுத்தும் இடத்தைச் சற்று மாற்றினாலே இந்த 9 மீட்டர் போய்விடும்.

‘தீப்பொறி வலுவாகிறதே, அதனால் இழுவை கூடாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். அடுப்பைத் தீக்குச்சியால் பற்ற வைத்தாலும் பந்தத்தால் பற்ற வைத்தாலும் பானையில் சோறு ஒரே நேரத்தில்தான் வேகும். கலவையைத் தவறாமல் பற்ற வைக்கும் அளவுக்குப் பொறி இருந்தால் போதும். அதற்குமேல் வெப்பத்தைத் தருவது பெட்ரோலும் காற்றுமே. மேலும், இன்றைய கார்களில் எஞ்சினை ஆளும் சிறு கணினி, பேட்டரியின் மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலும் பெட்ரோல் தெளிக்கும் நேரத்தையும் பொறிச் சுருளுக்கு மின்னூட்டும் நேரத்தையும் திருத்திக் கொள்கிறது.

அப்படியானால், ‘பூட்டிய மறுநாளே வித்தியாசம் தெரிந்தது’ என்று சொல்வோரெல்லாம் பொய் சொல்கிறார்களா? இல்லை. கம்பியைப் பூட்டும்போது வேறு என்னென்ன நடக்கின்றன என்று கவனியுங்கள். மெக்கானிக் பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெண்பொடியைத் துடைக்கிறார். போல்ட்டைக் கழற்றித் துருவை உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் இறுக்குகிறார். உப்புத்தாள் செய்த நன்மையின் புகழைக் கம்பி தட்டிக்கொண்டு போகிறது. பேட்டரியைக் கழற்றியதால் சில கார்களில் கணினி பழக்கிவைத்திருந்த திருத்தங்கள் அழிந்து, சில நாள் ஓட்டம் வேறுபடுவதும் உண்டு. போதாக்குறைக்கு, காசு கொடுத்தவரின் மனம் பலனை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது.

இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. முனைகளை முதலில் சுத்தம் செய்துவிடுங்கள். பிறகு நண்பர் ஒருவர் சில நாள் கம்பியை இணைத்தும் சில நாள் கழற்றியும் வைக்கட்டும். எது எந்த நாள் என்று ஓட்டுபவருக்குச் சொல்ல வேண்டாம். கம்பி இருந்த நாட்களை ஓட்டுபவர் சரியாகக் கண்டுபிடித்துக் கொண்டே வந்தால் விற்பவர் வென்றார்.

இனி, விற்பவரின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பழைய கார்களில், சிறப்பாக உப்புக் காற்று வீசும் கடற்கரை ஊர்களில், எர்த் இணைப்புகள் துருப்பிடிக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்போம். துருவால் 10 மில்லி ஓம் தடை சேர்ந்தால்கூட 1.5 வோல்ட் போய்விடும். எஞ்சின் சோம்பலாகச் சுழலும். பேட்டரி செத்துவிட்டது என்று எண்ணி நல்ல பேட்டரியைத் தூக்கி எறிவோரும் உண்டு. இங்கே எர்த் வழியைச் சீர்செய்வது கண்கூடான பலன் தரும். ஆனால் அதற்கு வேண்டியது துரு நீக்குதலும், தேவையானால் ஒரே ஒரு புதிய கம்பியும்தான்.

உங்கள் கார் எந்த வகை என்று நீங்களே அளந்து பார்க்கலாம். மல்ட்டிமீட்டரை நேர்மின்னோட்ட வோல்ட் அளவையில் வையுங்கள். ஒரு முள்ளைப் பேட்டரியின் எதிர்முனைக் குமிழின் மேலும், மற்றதை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியிலும் வையுங்கள். கியர் நியூட்ரலில் இருக்க, இன்னொருவர் காரை ஸ்டார்ட் செய்யட்டும். எஞ்சின் சுழலத் தொடங்கும் நொடிகளில் காட்டும் அளவைக் குறித்துக் கொள்ளுங்கள். விசிறி, பெல்ட் இவற்றிடமிருந்து கையை விலக்கி வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் வழி நன்றாக இருக்கிறது. 0.5 வோல்ட்டைத் தாண்டினால் இணைப்பில் கோளாறு. அடுத்து முகப்பு விளக்குகளை எரியவிட்டு, எதிர்முனைக்கும் காரின் உடலுக்கும் இடையே அளவுங்கள், 0.1 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அந்த இணைப்பையும் பார்க்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். புதிய கார்கள் பலவற்றில் எதிர்முனைக் கவ்வியிலேயே மின்னோட்டத்தை அளக்கும் உணரி இருக்கிறது. கூடுதல் கம்பியை நேரே பேட்டரிக் குமிழில் பூட்டினால் மின்னோட்டத்தின் ஒரு பகுதி உணரியைத் தவிர்த்துச் செல்லும். கணினியின் கணக்கு தவறும். வானொலி இரைச்சலுக்கும் இதே கம்பிகள் மருந்தாகிவிடா. பல இடங்களில் எர்த் செய்வதால் புதிய சுற்றுகள் உண்டாகி இரைச்சல் கூடவும் கூடும்.

ஆகவே என் முடிவு இது: நல்ல நிலையிலுள்ள காருக்கு இந்தப் பொட்டலம் வீண் செலவு. பழைய காருக்கு எர்த் வழியைப் பழுதுபார்ப்பது அவசியம், பொட்டலம் அவசியமில்லை. கடைக்காரர் கம்பியை நீட்டும்போது, ‘என் காரில் எத்தனை வோல்ட் வீணாகிறது?’ என்று கேளுங்கள். விடை அவரிடம் இல்லையென்றால், முதலில் வீட்டுக்குப் போய் அளந்து பாருங்கள். அதுவரை பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.