டிஃப் பார்க்கும் கொற்கை

நாசரேத் வட்டார ஊர்ப்பெயர்களை இருவர் தனித்தனியே தட்டச்சு செய்ததாக வைத்துக்கொள்வோம். இரு கோப்புகளையும் ஒப்பிட்டுக் காட்டும் ‘டிஃப்’ என்ற கணினிக் கட்டளையிடம் கொடுத்தால், ஒத்துப்போகும் வரிகளைப் பற்றி அது மூச்சு விடாது. மாறும் வரியை மட்டும் அம்புக்குறியோடு காட்டும்.

திடீரென்று ‘கொற்கை’யைக் காட்டும். இரு கோப்புகளிலும் அந்தப் பெயர் ஒன்றுதானே? கண்ணுக்குத்தான். ஒருங்குறியில் ‘கொ’வின் குறியை ஒரே எண்ணாகவும் பதியலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் பதியலாம். எந்த மெய்ப்புத் திருத்துநர் கண்ணிலும் சிக்காத பேதம் இது!

‘டிஃப்’, பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் 1970களில் உருவாக்கிய கருவி. லாரி வால் 1985இல் எழுதிய ‘பேட்ச்’, இந்த வேறுபாடுகளை மட்டும் வாங்கிப் பழைய கோப்பைப் புதிதாக்கிவிடும்.

ஒரே மூலத்தை இருவர் திருத்தியிருந்தால் ‘டிஃப்3’ என்ற கருவி இரு திருத்தங்களையும் இணைத்துத் தரும். இருவரும் ஒரே வரியில் வெவ்வேறு விதமாகக் கைவைத்திருந்தால், இரண்டையும் அடையாளமிட்டு அப்படியே விட்டுவிடும், பஞ்சாயத்து நம்முடையது.