தோற்றவர் எழுதிய புத்தகம்

அரசியலில் தோற்றவர்களின் புத்தகங்களை நான் விரும்பிப் படிப்பதில்லை. பாதி வக்காலத்து, மீதி வசவு. கனடாக்காரரான மைக்கேல் இக்னாட்டியெஃபின் 'நெருப்பும் சாம்பலும்' (2013) நூலை எடுத்தது, அவர் நாவலும் எழுதியவர் என்பதற்காகத்தான்.

ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தவரை லிபரல் கட்சிக்காரர்கள் அழைத்து வந்தார்கள். 2011 தேர்தலில் அவர் தலைமையில் கட்சி 34 இடங்களோடு மூன்றாவதாக வந்தது. சொந்தத் தொகுதியும் போயிற்று. வெகுகாலம் வெளிநாட்டில் இருந்தவரை, 'சும்மா வந்து போகிறவர்' என்று ஆளுங்கட்சி விளம்பரம் செய்தது. அதற்குப் பிறகு அவர் சொன்ன திட்டங்கள் யார் காதில் ஏறும்? திட்டம் நல்லதா என்பது அப்புறம். பேச உனக்கென்ன பாத்தியதை என்பதே ஜனங்களின் முதல் கேள்வி என்கிறார். நூலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எதிராளியைப் பகைவனாக்காதே என்ற அத்தியாயமும் நியாயமானதே. அடிபட்டவர் சொல்வதால் கொஞ்சம் முனகலாகக் கேட்கிறது. மற்றவற்றில் வகுப்பறை வாடை.

எனக்கு ஒரு மனக்குறை. 2003-ல் இராக் யுத்தத்தை ஆதரித்தவர் இவர். அது தவறு என்று 2007-ல் கட்டுரை எழுதி ஒப்புக்கொண்டார். தேர்தல் தோல்விக்குக் கொடுத்த பக்கங்களில் பாதியாவது அதற்குக் கொடுத்திருக்கலாம். நானாக இருந்தால் நூலையே அங்கிருந்துதான் ஆரம்பித்திருப்பேன்.