இரண்டு பூஜ்யங்கள்

என் அம்மாவின் சிறுவாடு துவரம்பருப்பு டப்பாவுக்குள் இருந்தது. மளிகைக் காசில் மிச்சம் பிடித்த ஐந்தும் பத்தும். அப்பாவுக்குத் தெரியாதவரை அது அம்மாவின் பணம். தெரிந்த அன்று வீட்டுப் பணமாகிவிட்டது. பெண்ணின் சேமிப்பு பிழைத்திருக்க மறைவிடம் வேண்டும் என்பதை நான் கற்றது அந்த டப்பாவிடம்தான்.

இன்று சில பெண்கள் டப்பாவை நடுத்தெருவில் வைத்துத் திறக்கிறார்கள். வெளிநாடு போகப் பணம் சேர்ப்பவர்கள், மாதாமாதம் தம் வரவு செலவை ஊரறிய எழுதிவைக்கிறார்கள். என் பழைய மாணவி ஒருத்தி அப்படி எழுதுகிறாள். கோவையில் வேலை, 46,000 ரூபாய் சம்பளம். கணவனைப் பிரிந்தவள். ஆறு வயது மகனும் அம்மாவும் உடனிருக்கிறார்கள். ஜெர்மனியில் முதுகலை படிக்க விரும்புகிறாள். அதற்கான மாணவர் விசாவுக்கு, ஓராண்டுச் செலவுக்கென 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுண்ட்டில் கட்டிக் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் உள்ள கணக்கு. நம் பணத்தில் பத்து லட்சத்துக்கும் மேல். “தமிழ் மட்டும் திருத்திக் குடுங்க மேம்” என்று பதினான்கு மாதக் கணக்கையும் அனுப்பியிருந்தாள்.

திருத்த அதிகம் இல்லை. வாடகை 9,000. மளிகை 6,200. பால் 1,500. தோடு விற்ற வரவு 31,000. பக்கத்தில், ‘அழவில்லை’ என்று ஒரு சொல். சுயபச்சாதாபம் இல்லாத உரைநடை. தமிழ் படித்தவளுக்கு அதில் பாலைத்திணை தெரியாமல் போகாது. பொருள்வயின் பிரிவில் போகிறவன் தலைவன், காத்திருப்பவள் தலைவி. கடல்வழிப் பயணம் பெண்ணோடு இல்லை என்கிறது தொல்காப்பியம். அந்த இலக்கணத்தை இவள் ஒரு மளிகைப் பட்டியலால் மீறுகிறாள். சிறுவாட்டை ஒளிக்க வேண்டியதில்லை, அது என் உழைப்பு என்று ஊர் முன்னால் சொல்கிறாள். இந்த வடிவத்தின் அரசியல் வலு அதுதான். அதைக் குறைத்து மதிப்பிட நான் தயாரில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் இரண்டு பூஜ்யங்கள் மாதந்தோறும் வருகின்றன. பேருந்து: 0. குழந்தை பராமரிப்பு: 0.

முதல் பூஜ்யத்துக்கு வரலாறு உண்டு. 2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அவள் தராத பணத்தை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு மானியமாகத் தருகிறது. அதாவது அது பூஜ்யமில்லை. வேறொருவர் கட்டுகிறார், அதற்குக் கணக்கும் இருக்கிறது.

இரண்டாவது பூஜ்யத்தையும் ஒருவர் கட்டுகிறார். அவள் அம்மா. அதற்குத்தான் கணக்கில்லை. 2019இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடுவோரில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். அந்த ஐந்து மணி நேரம்தான் பராமரிப்பு வரியில் பூஜ்யமாக நிற்கிறது. சிக்கனம் என்று நாம் கைதட்டுவதில் ஒரு பங்கு, இன்னொரு பெண் கேட்காமல் விட்ட கூலி.

வர்ஜீனியா வுல்ஃபின் ‘தனக்கென்று ஓர் அறை’ 1929இல் வந்தது. ஆண்டுக்கு 500 பவுண்டு வேண்டும் என்ற அதன் வாதத்தை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறோம். கதைசொல்லிக்கு அந்தப் பணம் கிடைத்தது பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து இறந்த அத்தை வழியாக என்பதை மறந்துவிடுகிறோம். வுல்ஃப் மறைக்கவில்லை. பணம் எந்தப் பெண்ணிடமிருந்து வந்தது என்பதும் அந்த நூலில் இருக்கிறது.

மாணவியிடம் இதைச் சொன்னேன்.

“அப்ப எங்கம்மாவுக்கு ரேட் போடச் சொல்றீங்களா மேம்?”

“ரேட் வேணாம்மா. பேர் போடு.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: “போட்டா, பிள்ளையை அம்மா தலையில கட்டிட்டு ஓடுறான்னு சொல்வாங்க.”

அவள் பயம் நியாயமானது. பிள்ளையை விட்டுவிட்டுப் பொருள் தேடப் போன அப்பாக்களிடம் யாரும் இந்தக் கணக்கைக் கேட்டதில்லை. அதற்காக அந்த வரி பொய்யாக நிற்கவும் கூடாது. அவள் விமானம் ஏறிய பிறகு பேரனோடு காத்திருக்கப்போவது அம்மா. தலைவி போகிறாள், காத்திருப்பு ஒழியவில்லை, இன்னொரு பெண்ணுக்குக் கைமாறுகிறது.

நான் ஒன்றும் யோக்கியமில்லை. ஆய்வேடு எழுதிய ஐந்து ஆண்டுகளும் என் மகளை வளர்த்தது பருப்பு டப்பா அம்மாதான். நன்றியுரையில் நெறியாளருக்கு ஒரு பத்தி, நூலகங்களுக்கு ஒரு பத்தி. அம்மாவுக்கு ‘என் அன்னைக்கும்’ என்று கடைசி வரியில் இரண்டு சொல். அதுவும் ஒரு பொதுக் கணக்குதான். அதில் நானும் பூஜ்யம்தான் போட்டேன்.

அடுத்த மாதக் கணக்கு வந்தது. பேருந்து: 0. அதன் கீழே, ‘குழந்தை பராமரிப்பு: அம்மா, நாளுக்கு ஆறு மணி நேரம்’. ரூபாய்க்கான இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். நான் திருத்தவில்லை.